டாக்டரிடம் சொன்னது எங்கே போய்ச் சேருகிறது?

2020 அக்டோபர் 24, சனிக்கிழமை. ஃபின்லாந்தில் ஆயிரக்கணக்கானோரின் மின்னஞ்சலுக்கு ஒரே மாதிரியான கடிதம் ஒன்று வந்து விழுந்தது. பெறுபவரின் பெயரும் தேசிய அடையாள எண்ணும் அதில் பிசகில்லாமல் இருந்தன. அவர் மனநல ஆலோசகரிடம் பேசியவற்றின் குறிப்புகள் தன்னிடம் இருப்பதாகவும், 24 மணி நேரத்துக்குள் 200 யூரோவை, அப்போதைய மதிப்பில் சுமார் 17 ஆயிரம் ரூபாயை, பிட்காயினாக அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தான் ஒருவன். தவறினால் தொகை 500 யூரோவாக உயரும். அதற்கும் மசியாவிட்டால் அத்தனை குறிப்புகளும் இணையத்தில் ஏறும்.

கடிதம் பெற்றவர்கள் எல்லோரும் வஸ்தாமோ என்ற தனியார் மனநல நிறுவனத்தில் ஆலோசனை பெற்றவர்கள். ஃபின்லாந்து முழுவதும் கிளைகள் வைத்திருந்த நிறுவனம் அது. அரசு சுகாதாரத் துறையே தன் நோயாளிகளை அங்கே அனுப்பிவந்தது. ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் ஆலோசகர்கள் கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதி வைப்பார்கள். திருமணத்தில் விழுந்த விரிசல், சிறுவயதில் நேர்ந்த வன்முறை, குடிப்பழக்கம், தற்கொலை எண்ணம் என்று கட்டிய துணையிடம்கூடச் சொல்லாதவை அந்தக் குறிப்புகளில் இருந்தன. சிறுவர்களைப் பற்றிய குறிப்புகளும் இருந்தன. வெறும் 55 லட்சம் மக்கள்தொகை உள்ள நாட்டில், சுமார் 33 ஆயிரம் பேருடைய மனம் ஒரே கோப்பில் திருடுபோயிருந்தது.

திருட்டு நடந்தது 2018 நவம்பரில். 2019 மார்ச்சில் இன்னொரு முறை ஊடுருவல் நடந்தது. நோயாளிகளுக்கு எதுவும் தெரியாது. 2020 செப்டம்பரில்தான் நிறுவனத்திடம் 40 பிட்காயின் கேட்டு மிரட்டல் வந்தது. அன்றைய மதிப்பில் நாலரை லட்சம் யூரோ. பணம் கைக்கு வராததால் அக்டோபர் 21 முதல் நாளுக்கு நூறு நோயாளிகளின் குறிப்புகளை மறைவலையில் வெளியிடத் தொடங்கினான் ஹேக்கர். அவசரத்தில் ஒரு நாள் மொத்தக் கோப்பையும் ஏற்றிவிட்டான். தன் சர்வரில் இருந்த சொந்தக் கோப்புகளும் அதோடு சேர்ந்து போனதை அவன் கவனிக்கவில்லை. போலீசுக்குக் கிடைத்த முக்கியத் தடயங்களில் அதுவும் ஒன்று.

இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள். ஃபின்லாந்தின் குற்ற வரலாற்றில் இத்தனை பேர் பாதிக்கப்பட்ட வழக்கு அதற்கு முன் வந்ததில்லை. அலெக்சாந்தெரி கிவிமாகி என்ற இளைஞர் 2023 பிப்ரவரியில் பிரான்சில் பிடிபட்டார். பதினெட்டு வயது நிறைவதற்கு முன்பே செய்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிக் குற்றங்களுக்காக 2015இல் தண்டிக்கப்பட்டவர் அவர். 2024 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 6 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. குற்றத்தை மறுத்த அவர் மேல்முறையீட்டுக்குப் போனார்.

இந்தக் கதையில் அதிகம் யோசிக்க வைப்பது ஹேக்கரின் பின்னணி அல்ல. அவன் உள்ளே நுழைந்த விதம்தான். நோயாளிகளின் குறிப்புகள் இருந்த சர்வர் நேரடியாக இணையத்தில் திறந்து கிடந்தது. ஃபயர்வால் இல்லை. அதன் தலைமைக் கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லை. குறிப்புகள் குறியாக்கம் செய்யப்படாமல், யார் எடுத்தாலும் அப்படியே படிக்கும்படி இருந்தன. நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2021 டிசம்பரில் 6 லட்சத்து 8 ஆயிரம் யூரோ அபராதம் விதித்தது. அதற்குப் பல மாதங்கள் முன்பே நிறுவனம் திவாலாகியிருந்தது.

மருத்துவத் துறையில் நடந்த பெரிய தகவல் திருட்டுகளின் விசாரணை அறிக்கைகளைப் படித்தால் இதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. அபார மூளைக்காரன் ஒருவன் இரும்புக்கோட்டையைத் தகர்த்தான் என்ற கதை அபூர்வம். போடாத பூட்டு, மாற்றாத பாஸ்வேர்டு, காலாவதியான விண்டோஸ், வந்த எச்சரிக்கையைப் பார்த்தும் கண்டுகொள்ளாத மேலதிகாரி என்பவைதான் அதிகம். அலட்சியம் மருத்துவமனையினுடையது, அதன் பாரம் நோயாளியின் தலையில் இறங்குகிறது.

மாற்றிக்கொள்ள முடியாத எண்

வங்கி அட்டை எண் திருடுபோனால் ஒரு போன் செய்து அட்டையை முடக்கலாம், ஒரு வாரத்தில் புதிது வந்துவிடும். இழந்த பணத்தைக்கூட வங்கி சில நேரங்களில் திருப்பித் தருகிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட விவரத்தையும் எச்ஐவி பரிசோதனை முடிவையும் அப்படி மாற்றித் தர எந்த அலுவலகமும் கிடையாது. ஒரு முறை வெளியே போனால் போனதுதான். பத்து வருடம் கழித்தும் அது வேலைக்கான நேர்காணலிலோ பெண் பார்க்கும் இடத்திலோ எதிரே வந்து நிற்கலாம்.

மிரட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனமான மெடிபேங்கில் 2022 அக்டோபரில் 97 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. நிறுவனம் பணம் தர மறுத்தது. நவம்பரில் திருடர்கள் விவரங்களைத் துண்டுதுண்டாக வெளியிட்டார்கள். கருக்கலைப்பு தொடர்பான சிகிச்சை பெற்றவர்களின் விவரங்களைத் தனியாகப் பிரித்து, அதற்கென்றே பெயரிட்ட கோப்பாக ஏற்றினார்கள். எந்தப் பட்டியல் அதிகம் வலிக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்த காரியம் அது.

வெளியிலிருந்து வருகிற ஹேக்கரால் மட்டும் ரகசியம் கசிவதில்லை. சிங்கப்பூரின் எச்ஐவி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் பெயர், முகவரி, பரிசோதனை முடிவுகள் வெளியாகியிருப்பதை அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் 2019 ஜனவரியில் அறிவித்தது. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டவர்கள். பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரம் பெற்றிருந்த ஒரு மருத்துவ அதிகாரியோடு நெருக்கமாக இருந்தவர் வழியாக அது வெளியே போனது. அந்தப் பதிவேட்டைத் திறக்க யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை.

இந்தியாவில் இந்தப் பிரச்சினை கம்ப்யூட்டருக்கு முன்பே நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 1990களில் நாகாலாந்தைச் சேர்ந்த ஒரு டாக்டர், நோயாளி ஒருவரின் அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்தார். அங்கே மருத்துவமனை ஒன்றில் ரத்தம் கொடுத்தபோது அவருக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. அந்தச் செய்தி வெளியே போய் அவருடைய திருமணம் நின்றது. ஊரில் ஒதுக்கப்பட்டார். மருத்துவமனை தன் ரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். 1998இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்தரங்க உரிமை வரம்பற்றது அல்ல, மணக்கவிருந்த பெண்ணுக்கும் உண்மையை அறியும் உரிமை உண்டு என்று சொல்லி அவர் கோரிக்கையை ஏற்க மறுத்தது. சட்ட மாணவர்கள் இன்றும் விவாதிக்கும் தீர்ப்பு இது. 2017இல் வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையை வெளியிடக் கூடாது என்பதைப் பொது விதியாக்கி, விலக்குகளைத் தனியே வரையறுத்தது. அத்தகைய பதிவுகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. 

ரகசியம் கசியும் என்ற பயம் வந்துவிட்டால் மக்கள் டாக்டரிடம் உண்மை பேசுவதை நிறுத்திவிடுவார்கள். காசநோயை மறைப்பார்கள், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதை மறைப்பார்கள். கொரோனாவின் முதல் அலையில் சென்னையில் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியதும் தகரம் அடித்ததும் நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தகரம் வந்துவிடும் என்று பயந்து பரிசோதனைக்கே போகாமல் தள்ளிப்போட்டவர்களைத் தெருவுக்குத் தெரு பார்த்த காலம் அது.

திரை இருண்ட காலை

ரகசியம் கசிவது ஒரு ஆபத்து. மருத்துவமனையே நின்றுபோவது அதைவிட உடனடியான ஆபத்து. அயர்லாந்து அதை 2021 மே 14ஆம் தேதி விடியற்காலையில் அனுபவித்தது.

அந்நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவை முழுவதையும் எச்எஸ்இ என்ற ஒரே அமைப்பு நடத்துகிறது. 54 பெரிய மருத்துவமனைகள், 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். கான்டி என்ற ரஷ்ய மொழி பேசும் கும்பல் அவற்றின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சேதம் பரவாமலிருக்க நாடு முழுவதும் எல்லாக் கணினி அமைப்புகளையும் அணைக்க வேண்டியதாயிற்று. டப்ளினின் ரொட்டுண்டா மகப்பேறு மருத்துவமனை, 36 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளைத் தவிர மற்ற புறநோயாளிகளை வர வேண்டாம் என்று அறிவித்தது. புற்றுநோயாளிகளின் கதிர்வீச்சுச் சிகிச்சைத் திட்டங்கள் எல்லாம் கணினிக்குள் மாட்டிக்கொண்டன. பலரைத் தனியார் மருத்துவமனைகளுக்கு அனுப்ப நேர்ந்தது. லேப் முடிவுகளைக் காகிதத்தில் எழுதி, ஊழியர்கள் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு மாடி ஓடினார்கள்.

அரசு பணம் தர மறுத்தது. ஆறு நாள் கழித்து, கான்டி கும்பலே பூட்டைத் திறக்கும் சாவியை இலவசமாகக் கொடுத்தது. சாவி கிடைத்த பிறகும் எல்லா சர்வர்களையும் மீட்டெடுக்கச் செப்டம்பர் ஆயிற்று.

என்ன நடந்தது என்று ஆராய்ந்த பிடபிள்யூசி நிறுவனத்தின் அறிக்கை அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. உலகெங்கும் உள்ள மருத்துவமனை நிர்வாகிகள் வரி விடாமல் படிக்க வேண்டிய ஆவணம் அது. மார்ச் 18 அன்று ஊழியர் ஒருவர் மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பைத் திறந்தார். அதில் தொடங்கி எட்டு வாரம் அந்தக் கும்பல் உள்ளேயே நடமாடியிருக்கிறது. மார்ச் 31 அன்று வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆபத்தான கருவிகள் இரண்டைக் கண்டுபிடித்தது. ஆனால் கண்காணிப்பது மட்டும்தான் அதற்கு விடப்பட்ட வேலை, தடுப்பதற்கு அனுமதி கொடுக்கப்படவில்லை. மே 13 அன்று, அதாவது தாக்குதலுக்கு முதல் நாள், குறைந்தது 16 கணினிகளில் கவனிக்கப்படாத ஆபத்துகள் இருப்பதாகப் பாதுகாப்பு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது. சர்வர்களை ரீஸ்டார்ட் செய்வதோடு அந்த விஷயம் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் 7இல் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இத்தனை பெரிய அமைப்பில் தகவல் பாதுகாப்புக்கு முழுப்பொறுப்பேற்கும் உயர் அதிகாரி ஒருவர்கூட இல்லை.

அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2017 மே 12 அன்று பிரிட்டனின் என்எச்எஸ் இதே பாடத்தைப் படித்திருந்தது. வானாகிரை என்ற நச்சுநிரல் இங்கிலாந்தின் 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் குறைந்தது 80ஐப் பாதித்தது. சுமார் 19 ஆயிரம் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கழித்தும் பல மருத்துவமனைகள் அதை நிறுவியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட தாக்குதலால் யாராவது இறந்தார்களா என்ற கேள்விக்கு நெடுநாள் தெளிவான பதில் இல்லை. 2020இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனை தாக்கப்பட்டபோது, ஆம்புலன்சில் வந்த ஒரு பெண்ணை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள், அவர் இறந்தார். தாக்குதலால்தான் இறந்தார் என்று சட்டப்படி நிறுவ முடியாது என அரசு வழக்கறிஞர்கள் பிறகு முடிவு செய்தார்கள். லண்டன் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. 2024 ஜூன் 3 அன்று, அந்நகரின் பெரிய மருத்துவமனைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்துதரும் சின்னோவிஸ் என்ற நிறுவனம் தாக்கப்பட்டது. ரத்தப் பிரிவைப் பொருத்திப் பார்க்க வழியில்லாமல் யாருக்கும் ஏற்றக்கூடிய ஓ வகை ரத்தத்தை வாரி இறைக்க வேண்டியதாயிற்று. ஓ வகைக்காரர்கள் தானம் செய்ய வரும்படி நாடு தழுவிய வேண்டுகோள் போனது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புறநோயாளிச் சந்திப்புகளும் 1,700க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளும் தள்ளிப்போயின. ஓராண்டு கழித்து, 2025 ஜூனில், கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை ஒன்றை ஒப்புக்கொண்டது: அந்த நாள்களில் இறந்த ஒரு நோயாளியின் மரணத்துக்கான காரணங்களில், ரத்தப் பரிசோதனை முடிவு வர நேர்ந்த நீண்ட தாமதமும் ஒன்று.

மருத்துவமனைகள் ஏன் மாட்டிக்கொள்கின்றன?

ஒரு மருத்துவமனைக்குள் சுற்றிப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். எம்ஆர்ஐ எந்திரம் பல கோடி ரூபாய் விலை. பத்துப் பதினைந்து வருடம் ஓட்டுவார்கள். அதோடு வந்த விண்டோஸுக்கு அதற்கு முன்பே ஆயுள் முடிந்துவிடும். உற்பத்தியாளரின் அனுமதி இல்லாமல் மென்பொருளைத் தொட்டால் பராமரிப்பு ஒப்பந்தம் போய்விடும் என்று யாரும் அதில் கை வைப்பதில்லை. அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் ஒரே ஷிஃப்டில் எத்தனையோ முறை கணினிக்குள் போய்வர வேண்டும். நெஞ்சுவலியோடு ஒருவர் படுத்திருக்கும்போது பாஸ்வேர்டு தட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் காலையில் ஒருவர் பெயரில் திறந்த கணினி இரவு வரை எல்லோருக்குமாகத் திறந்தே இருக்கிறது. இதற்காக நர்ஸைக் குறை சொல்வது அநியாயம். அடையாள அட்டையைத் தொட்டதும் திறந்து, நகர்ந்ததும் மூடிக்கொள்ளும் வசதி சந்தையில் பல வருடமாக இருக்கிறது. அதை வாங்கித் தர வேண்டியது நிர்வாகம்.

மறுபாதிப் பதில் பணத்திலும் பயத்திலும் இருக்கிறது. சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தில் 2018 ஜூன், ஜூலையில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. 1.6 லட்சம் பேர் வாங்கிய மருந்துகளின் பட்டியலும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரத்தைத் திருடர்கள் குறிவைத்துத் தேடியிருந்தார்கள். விசாரணைக் குழு தோண்டிப் பார்த்தபோது, ஒரு சர்வரின் நிர்வாகிக் கணக்குக்கு, பாஸ்வேர்டு என்ற ஆங்கிலச் சொல்லையே ஓரிரு எழுத்துகளை மாற்றிப் பாஸ்வேர்டாக வைத்திருந்தது தெரிந்தது. ஊடுருவலின் அறிகுறிகளைக் கீழ்நிலை ஊழியர்கள் ஜூன் மாதமே கவனித்திருந்தார்கள். மேலே சொன்னால் நெருக்கடி கூடும் என்று ஒரு மேலாளர் தயங்கியதும் விசாரணையில் வெளிவந்தது. குழுமத்துக்கும் அதன் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம் விழுந்தது. அந்த விசாரணை அறிக்கையின் பெரும்பகுதியைச் சிங்கப்பூர் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. அதற்காக அந்த அரசைப் பாராட்ட வேண்டும்.

அமெரிக்காவில் நடந்தது பணக் கதை. காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற நிறுவனம் 2024 பிப்ரவரி 21 அன்று முடங்கியது. பல மருந்துக் கடைகளில் நோயாளிகள் காப்பீட்டில் மருந்து வாங்க முடியாமல் நின்றார்கள். மருத்துவமனைகளுக்கு வர வேண்டிய பணம் வாரக்கணக்கில் நின்றது. தாய் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஆண்ட்ரூ விட்டி மே மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, திருடர்கள் நுழைந்த வாசலில் இரட்டைச் சரிபார்ப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டார். நம் ஊரில் நூறு ரூபாய்ப் பணப் பரிமாற்றத்துக்குக்கூடக் கைபேசிக்கு வருகிற ஓடிபி, அங்கே இல்லை. நிறுவனம் 2.2 கோடி டாலர் பணயத்தொகை கொடுத்தது. கொடுத்த பிறகு அந்தக் கும்பலுக்குள்ளேயே பங்குச் சண்டை வந்து, இன்னொரு கும்பல் அதே தகவலை வைத்துக்கொண்டு மறுபடி மிரட்டியது. பாதிக்கப்பட்டவர்கள் 19 கோடிக்கும் மேல் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

டெல்லியில் இரண்டு வாரம்

2022 நவம்பர் 23, புதன்கிழமை காலை, டெல்லி எய்ம்ஸ். நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ரயிலேறி வருகிறவர்கள் பதிவுக்காக நிற்கும் நேரம். இ-ஹாஸ்பிடல் மென்பொருள் இயங்கும் சர்வர்கள் முடங்கிவிட்டன. பதிவு, பில், லேப் முடிவு, வார்டு சேர்க்கை எல்லாம் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பின. கூடுதல் ஆட்களைக் கொண்டுவந்து கையால் எழுத வைத்தார்கள். பெரும்பாலான சேவைகள் கணினிக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆயிற்று.

ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகச் சரிவரப் பிரிக்காததுதான் காரணம் என்றும் சொன்னது. ஓரிடத்தில் புகுந்தவன் மற்ற இடங்களுக்கும் தடையில்லாமல் போக முடிந்திருக்கிறது. பாதிக்கப்படாத பேக்கப் சர்வர் ஒன்று இருந்ததால் நோயாளிகளின் தகவல்களை மீட்க முடிந்தது. அது மட்டும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

எய்ம்ஸ் செய்தி ஓயும் முன்பே, அதே ஆண்டு டிசம்பரில், தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்திருப்பதாகக் கிளவுட்செக் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தெரிவித்தது. 2007 முதல் 2011 வரையிலான பதிவுகள் அவை. மருத்துவமனையின் கணினியில் யாரும் கை வைத்ததாகத் தெரியவில்லை. அதற்கு மென்பொருள் சேவை செய்த வெளி நிறுவனத்திடமிருந்து போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பத்து வருடம் முன்பு காய்ச்சலுக்காக ஓபி சீட்டு போட்ட ஒருவரின் விவரம், அவர் பெயரே கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் கணினியில் ஏன் இன்னும் இருந்தது? வேலை முடிந்த தகவலை அழிக்கும் பழக்கமே நம் மருத்துவமனைகளில் வளரவில்லை.

2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், டெலிகிராம் செயலியில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கும்படி தானியங்கி பாட் வழியாக விநியோகமாவதை ராய்ட்டர்ஸ் வெளிப்படுத்தியது. பாலிசி, அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோய்க்குறிப்பு எல்லாம் அதில் இருந்தன. 3.1 கோடி பேரின் தகவல் கையில் இருப்பதாக ஹேக்கர் சொல்லிக்கொண்டான். நிறுவனம் டெலிகிராம் மீதும் ஹேக்கர் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, விவரங்களை வெளியிட இடைக்காலத் தடை வாங்கியது. 68 ஆயிரம் டாலர் கேட்டு முன்பே மிரட்டல் வந்திருந்ததையும் பிறகு ஒப்புக்கொண்டது. காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை நோய் முதல் மூல நோய் வரை ஒன்றையும் மறைக்காமல் எழுதச் சொல்கிறார்கள். மறைத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும். அத்தனையும் வாங்கி வைத்துக்கொள்பவருக்கு அதைக் காக்கும் கடமையும் அதே அளவு கறாராக இருக்க வேண்டும்.

ஹேக்கர் தேவைப்படாத கசிவுகளும் அன்றாடம் நடக்கின்றன. 2019இல் ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் உலகம் முழுவதும் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வர்களைத் தேடிப் பார்த்தது. 52 நாடுகளில் 590 சர்வர்கள் பூட்டே இல்லாமல் இணையத்தில் கிடந்தன, இந்தியாவிலும்தான். 2.4 கோடிக்கும் மேற்பட்ட நோயாளிப் பதிவுகள். எக்ஸ்ரேயோடு பெயரும் பிறந்த தேதியும் ஒட்டிக்கொண்டிருந்தன. நம் ஊர் ஸ்கேன் சென்டரிலிருந்து வாட்ஸ்அப்பில் வருகிற ரிப்போர்ட் யார் யார் கைபேசியில் தங்கிவிடுகிறது என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். டாக்டர்கள் தங்களுக்குள் ஆலோசிக்க வாட்ஸ்அப் குழு வைத்திருப்பது பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த ஒரு இசிஜி படத்தைப் பார்த்து நகரத்து இதயநோய் நிபுணர் உடனே வழி சொல்வது சிறிய விஷயம் அல்ல. படத்தின் மூலையில் இருக்கும் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்பினாலும் அந்த ஆலோசனை அப்படியே கிடைக்கும்.

சட்டம் தந்ததும் எடுத்துக்கொண்டதும்

2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் எழுபது கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு 14 இலக்க ஆபா எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. மதுரையில் எடுத்த ஸ்கேனை வேலூர் டாக்டர் திறந்து பார்க்கலாம், கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்பது அதன் நோக்கம். முதியவர்களுக்கும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கும் இது பெரிய நிம்மதி. ஆனால் பதிவுகள் ஒன்றோடொன்று இணைய இணைய, ஓரிடத்து அலட்சியம் எல்லா இடத்துக்கும் பரவ வாய்ப்பு கூடுகிறது.

மருத்துவத் தகவலுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர 2018இல் ஒரு வரைவு எழுதப்பட்டது. அது சட்டமாகவில்லை. அதற்குப் பதில் எல்லாத் துறைக்கும் பொதுவாக 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும். குறியாக்கம் போன்ற பாதுகாப்பு முறை, யார் எதைப் பார்த்தார்கள் என்ற பதிவை ஓராண்டு வைத்திருத்தல், பேக்கப், வெளி நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தத்தில் பாதுகாப்பு நிபந்தனை ஆகியவை கட்டாயம். இந்தக் கடமைகள் முழுமையாக அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதாவது 2027 மே.

வரவேற்க வேண்டிய விதிகள்தான். ஆனால் இரண்டு இடத்தில் இந்தச் சட்டம் நோயாளியைக் கைவிடுகிறது. மருத்துவத் தகவலுக்குத் தனிக் கவனம் கொடுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளைப் போல் இந்தச் சட்டம் செய்யவில்லை; செருப்புக் கடையில் கொடுத்த கைபேசி எண்ணும் புற்றுநோய் அறிக்கையும் இதில் ஒரே வகை. அடுத்தது இன்னும் மோசம். பாதுகாக்கத் தவறிய நிறுவனத்திடம் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கும் வழியாக இருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்குவதற்கு இந்தச் சட்டத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. 250 கோடி அபராதம் விதித்தாலும் அது முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். ரகசியம் வெளியே போய் வாழ்க்கை குலைந்தவருக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. நாடாளுமன்றம் இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

சிறிய மருத்துவமனைகளை அபராதம் காட்டி மட்டும் மிரட்டுவதிலும் பயனில்லை. திண்டிவனத்திலோ தென்காசியிலோ 20 படுக்கை வைத்து நடத்தும் டாக்டரால் சைபர் பாதுகாப்பு நிபுணரைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. நல்ல மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு இருக்கிறது. கை கழுவுவதிலிருந்து கருவி சுத்திகரிப்பு வரை அது கணக்குப் பார்க்கிறது, தவறினால் தலைமை டாக்டரையும் கேள்வி கேட்கிறது. நோயாளித் தகவலுக்கும் அப்படியொரு குழு வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு உதவி மையத்தை மாநில அரசே நடத்தி, சிறு மருத்துவமனைகளின் சர்வர்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்துத் தரலாம். ஊழியர் ஒருவர் தவறான இணைப்பைச் சொடுக்கிவிட்டால், திட்டு விழும் என்று பயந்து மறைக்காமல் அந்த நிமிடமே சொல்லும் சூழல் வேண்டும். அயர்லாந்திலும் சிங்கப்பூரிலும் வீணான வாரங்களை அது மிச்சப்படுத்தியிருக்கும்.

நோயாளிகளும் கேட்கத் தொடங்கலாம். பதிவு கவுன்டரில் ஆதார் நகல் கேட்டால், எதற்கு, எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்கலாம். ஆபா எண் கட்டாயமில்லை. அது இல்லாததால் சிகிச்சையை மறுக்க முடியாது. ஆபா வழியாகப் பதிவுகளைப் பகிரும்போது, யாருக்கு எவ்வளவு காலம் அனுமதி என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் செய்யலாம். உங்கள் கணினி ஒரு வாரம் நின்றால் என் மருந்து விவரம் எங்கே இருக்கும் என்று டயாலிசிஸ் நோயாளி ஒருவர் தன் மருத்துவமனையைக் கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு அயர்லாந்திடம் 2021 மே மாதம் பதில் இருக்கவில்லை. 2027 மே மாதத்துக்குள் தமிழ்நாட்டின் எத்தனை மருத்துவமனைகளிடம் இருக்கும் என்பதை, அரசு மருத்துவமனைகளில் தொடங்கி, இப்போதே கணக்கெடுக்க வேண்டும்.